அப்பூப்பனின் காலேஜ்

அப்பூப்பனின், அதாவது என் தாத்தாவின், பட்டச் சான்றிதழ் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுத்து முகர்ந்தால் கருப்பட்டி வாசம் அடிக்கும். மனைவி இதை ஒத்துக்கொள்வதில்லை. பழைய காகிதமும் பாச்சை உருண்டையும் சேர்ந்த வாசம்தான், கருப்பட்டியை நீங்களாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்பாள். இருக்கலாம். ஆனால் நான் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 1948-இல் களியக்காவிளைப் பக்கத்துப் படந்தாலுமூட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போன அப்பூப்பன், கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் கருப்பட்டிக் கடை மச்சில்தான் நான்கு வருடமும் தங்கியிருந்தார். கீழே ஓலைப்பெட்டிகளில் விளவங்கோட்டுக் கருப்பட்டி. மேலே ஒரு பாய், ஒரு அரிக்கேன் விளக்கு, இங்கிலீஷ் புத்தகங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். எறும்பு ஏணியில் ஏறிப் புத்தகப் பை வரைக்கும் வந்துவிடுமாம். "எனக்க நோட்டுப் புஸ்தகத்த எறும்பு படிச்ச அளவுக்கு நான் படிக்கேல மக்கா" என்பார்.

அந்தச் சான்றிதழில் இருக்கும் பெயர் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். ஆண்டு 1952.

அப்பூப்பன் 1996-இல் காலமானார். அடுத்த வருடம் அம்மூம்மைக்கு, அதாவது பாட்டிக்கு, குடும்ப ஓய்வூதியம் வாங்க அலைந்தபோது, சர்வீஸ் புக்கில் இருந்த பெயருக்கும் வேறொரு காகிதத்தில் இருந்த பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் வந்தது. படித்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள். கொண்டுபோனேன். ஒரு அலுவலகம், எது என்று சொல்லப்போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்துவிட்டு, "இங்ஙனெ ஒரு யூனிவேர்சிட்டி இப்போ இல்லல்லோ" என்றார். இப்போது இல்லைதான், அப்போது இருந்தது என்றேன். இப்போது இருப்பதன் சான்றிதழ் வேண்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே 1997-ஆம் வருடம் ஜூலையில் ராஷ்டிரபதி பவனுக்குக் குடிபோன கே.ஆர். நாராயணன், ஆங்கில இலக்கியத்தில் முதலாவதாகத் தேறியதும் அந்த இல்லாத பல்கலைக்கழகத்தில்தான். இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவும் நேரத்துக்கு நினைவு வராது. வெளியே வந்து சாயா குடிக்கும்போதுதான் வரும்.

என் சான்றிதழில் கேரளப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. கேரளத்துப் பாறசாலையிலிருந்து தினமும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் படிக்கும் என் மகளின் அடையாள அட்டையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஒரு குடும்பம், மூன்று பெயர். நாங்கள் என்னவோ நாடு நாடாகச் சுற்றியவர்கள் மாதிரி இருக்கும். உண்மையில் படந்தாலுமூட்டிலிருந்து களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தோம், அவ்வளவுதான். சைக்கிளில் போகிற தூரம். ஆனால் இந்த மூன்று பெயருக்கும் வேர் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் பாளையத்தில், எம்.ஜி. ரோட்டின் ஓரத்தில், செங்கல் நிறத்தில் வெள்ளைக் கரை போட்டு நிற்கிற யூனிவர்சிட்டி காலேஜ். எங்கள் வீட்டில் அதற்கு இன்றைக்கும் பெயர் "அப்பூப்பனின் காலேஜ்".

நானும் அங்கேதான் படித்தேன், 1988 முதல் 1991 வரை. பாறசாலையில் காலை பாசஞ்சர் ஏறினால் தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று நின்று நின்று, திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூர் போகும். 1979-இல்தான் எங்கள் பக்கம் ரயிலே வந்தது. அப்பூப்பன் காலத்தில் ஸ்டேட் பஸ். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு சொந்தமாக பஸ் ஓட்டத் தொடங்கியபோது முதலில் ஓடிய தடம் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கன்னியாகுமரிக்குப் போகிற தடம்தான். இதைச் சொல்லும்போது அப்பூப்பன் ஏதோ தானே ரூட் போட்டுக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

தம்பானூரில் இறங்கி நடந்தால் ஓவர்பிரிட்ஜ், ஆயுர்வேத காலேஜ், புளிமூடு, ஸ்டாச்சு. ஸ்டாச்சு என்பது நகரத்து ஜங்ஷன்களில் ஒன்று. அங்கே நிற்கும் ஸ்டாச்சு யாருடையது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராட்டியர், 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூர் திவான். எதிரே இருக்கும் தலைமைச் செயலகம் அவர் காலத்தில் கட்டியது, அப்போது ஹஜூர் கச்சேரி. அதைத் தாண்டி ஸ்பென்சர் ஜங்ஷன், அப்புறம் காலேஜ். கச்சேரியைக் கட்டிய அதே சமஸ்தான என்ஜினீயர் வில்லியம் பார்ட்டன்தான் காலேஜையும் கட்டினார். கச்சேரி 1869-இல் முடிந்தது. காலேஜுக்கு அதே வருடம் அடிக்கல் போட்டார்கள். ஆனால் இரண்டையும் பார்த்தால் ஒரே ஆள் கட்டியது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். கச்சேரி ரோமாபுரித் தூண்களோடு வெள்ளையாக, அதிகாரம் இங்கே என்று சொல்லிக்கொண்டு நிற்கும். காலேஜ் சிவப்பு, கூரை சரிவு, கொஞ்சம் தேவாலயச் சாயல், கொஞ்சம் வெளியூர்த் துரை பங்களாச் சாயல். நாங்கள் படித்த காலத்தில் மரப்படிகள் நடுவில் குழிந்திருந்தன. நூறு வருடத்துக் கால்கள். நான் கீழிருந்து மூன்றாவது படியில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். அந்தக் குழிவில் அப்பூப்பனின் பங்கும் உண்டு என்பதால் மன்னித்துவிட்டேன்.

காலேஜின் கதை கட்டடத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1834-இல் சுவாதித் திருநாள் காலத்தில் ஆரம்பித்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அது. சம்பளம் வாங்காத பள்ளி, அதனால் பெயரே மகாராஜாவின் ஃப்ரீ ஸ்கூல். 1866-இல் ஆயில்யம் திருநாள் காலத்தில், மாதவராவ் திவானாக இருக்கும்போது, அது கல்லூரியாக உயர்ந்தது. முதல் பிரின்சிபால் ஜான் ராஸ். கட்டடம் 1873-இல் திறக்கப்பட்டது. கல்லூரி திருவனந்தபுரத்தில், பணம் மகாராஜாவுடையது, ஆனால் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுத்தது மதராஸ் பல்கலைக்கழகம். எழுபது வருடம் அப்படித்தான். சி.வி. ராமன் பிள்ளை மாதிரி மலையாள இலக்கியத்தின் பெரிய ஆட்களெல்லாம் மதராஸ் பட்டதாரிகள்.

இனி என் மகளின் பல்கலைக்கழகப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளுக்கு வருவோம்.

நான் படித்தது பி.ஏ. தத்துவம். ஆசைப்பட்டுச் சேரவில்லை, என் மதிப்பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த துறை அதுதான். வகுப்பில் தமிழ் வீட்டுப் பையன்கள் நாங்கள் மூன்று பேர், நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவன், சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் ஒருவன், நான். எங்களுக்குப் பொதுப் பெயர் "பாண்டி". அதே நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் சந்தைக்குப் போனால் "மலையாளத்தான்". இரண்டும் பழகிவிட்டது. இரண்டாம் வருடம் முடியும் வரைக்கும், இந்தத் துறையில் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. லீவில் அப்பூப்பனிடம் கான்ட் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, "நீ உக்காருத எடத்துல ஆரு பாடம் சொல்லிக் குடுத்திருக்கு தெரியுமா?" என்று கேட்டார்.

சுந்தரம் பிள்ளை பிறந்தது 1855-இல், ஆலப்புழையில். தமிழ் வீடு, மலையாள ஊர். அங்கே பள்ளிப்படிப்பு, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா காலேஜ், அதாவது இதே காலேஜ். தத்துவம் சொல்லிக்கொடுத்த ராபர்ட் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக்காரர் அவருக்குக் குருவைப்போல. கொஞ்ச காலம் திருநெல்வேலியில் பள்ளி வேலை, கொஞ்ச காலம் சமஸ்தானத்தில் வருவாய்ப் பக்கம் பிறவகை சிரஸ்தார் உத்தியோகம். ஹார்வி ஊர் திரும்பியபின் அவருடைய நாற்காலியில் இவர். பேரூர்க்கடையில் மகாராஜா கொடுத்த நிலத்தில் வீடு கட்டி, அதற்குக் குருவின் பெயரையே வைத்தார்: ஹார்விபுரம். சைவ சித்தாந்தி ஒருவர் தன் வீட்டுக்கு ஸ்காட்லாந்து வாத்தியாரின் பெயரை வைத்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு யாராவது வைத்தால் தெருவில் நான்கு பேர் கேள்வி கேட்பார்கள்.

பகலில் ஆங்கிலத்தில் தத்துவம். மற்ற நேரத்தில் தமிழ். அப்படி எழுதியதுதான் 1891-இல் வந்த மனோன்மணீயம் நாடகம். அதன் முகப்பில் இருக்கும் வாழ்த்துதான், 1970-இல் தமிழ்நாட்டு அரசு எடுத்துக்கொண்ட, 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்று அறிவித்த தமிழ்த்தாய் வாழ்த்து. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு பள்ளியிலும் காலையில் எழுந்து நின்று பாடுகிறார்கள். என் மகளும் களியக்காவிளைப் பள்ளியில் படித்த காலம் முழுக்கப் பாடினாள். அதை எழுதியவர் சம்பளம் வாங்கியது திருவனந்தபுரத்தில் என்பது அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

அரசு எடுத்துக்கொண்டபோது சில வரிகளை விட்டுவிட்டார்கள். கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு எல்லாம் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்று சொல்கிற இடமும், வழக்கொழிந்த ஆரியம்போல் ஆகாமல் நீ இளமையோடு இருக்கிறாய் என்கிற இடமும் அதிகாரப்பூர்வப் பாட்டில் இல்லை. அரசாங்கப் பாட்டுக்கு அது சரிதான் என்றே நினைக்கிறேன். பக்கத்து மாநிலத்துக்காரனை தினமும் காலையில் வம்புக்கு இழுக்க வேண்டாம். ஆனால் அந்த வரியை அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று பாருங்கள். சுற்றிலும் மலையாளம். மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். மலையாளத்தை அவர் பெயர் சொல்லிச் சேர்த்தது, தினமும் காதில் விழுகிற ஒரு மொழியைத் தன் வீட்டுக்குள் உட்காரவைக்கிற ஆசையால் என்றுதான் எனக்குப் படுகிறது. என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் இந்த வரியை விளக்கினேன். "அப்போ ஞங்ஙளெல்லாம் நின்றெ வயற்றில் நின்னு வந்நதாணோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அன்றைக்கு என் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் அவனே காசு கொடுத்தான். தாய்வீட்டுச் சீர் என்றான்.

1891-க்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் போனது. சமஸ்தானத்துப் பெரிய உத்தியோகங்களெல்லாம் வெளியிலிருந்து வந்த பரதேசி பிராமணர்களுக்கே போகின்றன, மண்ணின் மக்களுக்கு இல்லை என்பது மனு. முன்னணியில் நின்றவர் ஜி.பி. பிள்ளை. அவரும் இதே மகாராஜா காலேஜ் மாணவர்தான். திவான் ராமய்யங்காருக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதியதற்காகப் படிப்பு பாதியில் நிற்க, மதராஸுக்குப் போனவர். ஆக, தமிழ்த்தாயை வாழ்த்தும் பாட்டு அச்சான அதே வருடத்தில், அதே நகரத்தில், "தமிழர்கள் போதும்" என்கிற மனுவும்.

இதைப் படித்தால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் சட்டென்று கோபம் வரும். நான் இதில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மெமோரியல் சொன்ன பரதேசி, மதராஸிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் உத்தியோகத்துக்காக வந்தவர். பனை ஏறியும் வயல் உழுதும் அங்கேயே கிடந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோட்டுத் தமிழன் பரதேசி இல்லை. அவனுக்கும் பெரிய உத்தியோகம் கிடையாது. ஆனால் அறுபது வருடம் கழித்துப் பேச்சு முற்றியபோது இந்த வித்தியாசம் யாருக்கும் நினைவில் இல்லை. தமிழ் பேசினாயா, நீ பாண்டி.

சுந்தரம் பிள்ளை கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார். திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாட்டு அரசர்களின் வரிசையைக் கல்வெட்டுகளை வைத்து முதன்முதலில் ஒழுங்காக அடுக்கியவர் அவர். அவர் வெளிக்கொண்டுவந்தவற்றில் ஒன்று மணலிக்கரைக் கல்வெட்டு, கி.பி. 1235. வரி வாங்குவதில் ஊராரோடு கலந்து செய்த ஏற்பாட்டையும், விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லும் கல். மணலிக்கரை பத்மநாபபுரத்துக்குப் பக்கம். இன்று கன்னியாகுமரி மாவட்டம். அதே மணலிக்கரையில் ஒரு மடத்தில்தான் சில ஆண்டுகள் கழித்து, திருவனந்தபுரத்துச் சுவடி நூலகத்தின் கணபதி சாஸ்திரி பாசனின் சமஸ்கிருத நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்தார். 1912-இல் அவை அச்சாகி உலகமே பேசியது. சாஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துத் தருவைக்காரர். அந்தச் சுவடி நூலகம் பின்னால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இப்போது காரியவட்டத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி திருவனந்தபுரத்தில் நடந்தது, அதற்கான கல்லும் ஓலையும் எங்கள் தெற்கிலிருந்து போயின. மணலிக்கரைக்கு பைக்கில் போயிருக்கிறேன். ரப்பர் மரங்கள், குளம், ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் பாசனைப் பற்றிக் கேட்டேன். எந்த வார்டு என்றார்.

சரி, காலேஜுக்குத் திரும்புவோம். 1924-இல் மகாராஜா காலேஜைக் கலை, அறிவியல் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1937 நவம்பர் 1-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தை அறிவித்தார். மகாராஜா வேந்தர், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தர். பிரிந்த கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, பழைய கட்டடம் யூனிவர்சிட்டி காலேஜ் ஆனது. பக்கத்திலேயே செனட் ஹவுஸ். துணைவேந்தர் பதவிக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் சம்பளத்தில் ஐன்ஸ்டைனை அழைத்தார்கள், அவர் பிரின்ஸ்டனுக்குப் போவதாகச் சொல்லி மறுத்துவிட்டார் என்று ஒரு கதை திருவனந்தபுரத்தில் வலம் வரும். படித்தவர்களே சொல்வார்கள். ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனுக்குப் போனது 1933-இல். நான்கு வருடம் முன்பே போய்ச் சேர்ந்தவர் இனிமேல் போகப்போகிறேன் என்று எப்படிச் சொல்வார்? கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் அது பிழைத்திருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது ஒரு செட்டிநாட்டுக்காரரின் பணத்தில். 1940-களில் அழகப்பச் செட்டியார் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய். அப்பூப்பனின் கடைசி வருடத்தில் தமிழ்த்துறைக்கு வந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை, தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர், அதற்கும் முன்னால் இதே திருவனந்தபுரத்தில் ஏழெட்டு வருடம் வக்கீல். அவருக்குப் பின்னால் வடசேரிக்காரர் வ.அய். சுப்பிரமணியம் துறையைத் தலைமை தாங்கி, மொழியியலையும் சேர்த்து வளர்த்தார். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராகப் போனது அவர்தான். அப்பூப்பன் தமிழ் படித்தவர் இல்லை, சரித்திரம். ஆனாலும் "நம்ம டிப்பார்ட்மென்ட்" என்றுதான் சொல்வார்.

1952-இல் பட்டம் வாங்கிக்கொண்டு பாறசாலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். வீடு படந்தாலுமூடு, பள்ளி பாறசாலை. நடுவில் களியக்காவிளைச் சந்தை. அப்போது அது எல்லை இல்லை, வெறும் சந்தை. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்கிற போராட்டம் நேசமணி தலைமையில் சூடுபிடித்திருந்த நேரம். நேசமணியும் சட்டம் படித்தது திருவனந்தபுரத்தில்தான். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அன்றைய திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை.

அந்த அமைச்சரவையில் நிதி அமைச்சர் யார் தெரியுமா? பி.எஸ். நடராஜ பிள்ளை. சுந்தரம் பிள்ளையின் மகன். நல்ல மனிதர், ஏழையாகவே வாழ்ந்தவர். நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் நின்றதற்காக சர் சி.பி.யின் அரசு ஹார்விபுரத்தையே அவரிடமிருந்து பறிமுதல் செய்தது. அப்படிப்பட்டவர் அமைச்சராக இருந்த அரசின் துப்பாக்கிதான் தமிழ் கேட்டவர்கள் மீது வெடித்தது. போலீஸ் அவர் துறை இல்லை, அவரைக் குற்றம் சொல்லவும் நான் தயாரில்லை. ஆனால் அன்று ராத்திரி அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அப்பா எழுதிய தமிழ்த்தாய் வீட்டில் புத்தகமாக இருந்திருப்பாள் அல்லவா?

அப்பூப்பன் அந்த நாளைப் பற்றி நிறையப் பேசமாட்டார். பள்ளியிலிருந்து குறுக்கு வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து வீடு வந்ததை மட்டும் சொல்வார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தாராம், மழை பெய்தும். விரித்தால் தூரத்திலிருந்து தெரியும் என்று பயம்.

1956 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் மதராஸ் மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கியது. பல்கலைக்கழகம் பிறந்த அதே தேதி, சரியாகப் பத்தொன்பது வருடம் கழித்து. பள்ளி ஒரு மாநிலத்தில், வீடு இன்னொன்றில். எங்கே வேலை பார்க்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவருடைய அண்ணன் தமிழ்நாடு கேட்டு ஊர்வலம் போனவர். இவர் கேரளத்தை எழுதிக் கொடுத்தார். அண்ணன் இரண்டு வருடம் பேசவில்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். பள்ளிக்கூடம் பக்கம், சம்பளம் தெரிந்தது என்று ஏதேதோ சொல்லிவிட்டு, "அந்தக் காலேஜிருக்கப்பட்ட ஊர விட்டுட்டு எங்க போவ மக்கா" என்றார். அப்புறம்தான் பாறசாலையில் நிலம் வாங்கி வீடு கட்டியதெல்லாம்.

காகிதங்களும் எல்லை தாண்டின. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருந்த இடத்தைவிட்டு அசையாமலே நான்கு முறை பல்கலைக்கழகம் மாறியிருக்கிறது: மதராஸ், திருவிதாங்கூர், மறுபடி மதராஸ், 1966-க்குப் பின் மதுரை, 1990-க்குப் பின் திருநெல்வேலி. அந்தக் கடைசிப் பல்கலைக்கழகத்துக்கு வைத்த பெயர்தான் மனோன்மணியம் சுந்தரனார். திருவனந்தபுரத்து வாத்தியாரின் பெயரில் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம். திருவனந்தபுரத்தில் அவர் வேலை பார்த்த இடத்தில், நான் படித்த மூன்று வருடமும் அவர் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பேரூர்க்கடையில் மகன் நடராஜ பிள்ளையின் பெயரில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது, அது ஒரு ஆறுதல்.

அப்பூப்பனின் பெட்டியில் சான்றிதழோடு ஒரு போட்டோவும் உண்டு. 1952-ஆம் வருடத்து பி.ஏ. வகுப்பு, கட்டடத்தின் முன்னால். வாத்தியார்கள் நாற்காலியில், பையன்கள் பின்னால் நிற்கிறார்கள். பின்பக்கத்தில் பென்சிலில் ஐந்து பேருடைய ஊர் மட்டும் குறித்திருக்கிறார்: குழித்துறை, தக்கலை, கொல்லங்கோடு, சாலை, படந்தாலுமூடு. பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரைச் சொன்னால் ஆளைத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு அந்த போட்டோவை போனில் வைத்துக்கொண்டு போனேன். எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் திட்டம். கேட்டில் இருந்த காவலர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். அப்பூப்பன் கதையைச் சொன்னதும் இளகிவிட்டார். அவரே போனை வாங்கி, ஜன்னலை எண்ணிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று எங்களை நகர்த்தினார். மகளை நிறுத்திப் படம் எடுத்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, ஞாயிற்றுக்கிழமையும் கழற்றுவதில்லை, பஸ்ஸில் வேண்டியிருக்குமாம். காவலர் அதை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "சுந்தரனார்... இது ஆரா?"

இங்கே மாஷாக, வாத்தியாராக இருந்தவர் என்றேன்.

"ஏது டிப்பார்ட்மென்ட்?"

"பிலாசபி."

"ஓ." கேட்டைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார். "இன்னு ஞாயறாழ்ச்சயல்லே, மாஷ் காணில்ல. நாளெ வரூ."